உயிரற்றவை மேசையில் இருந்த நத்தை

என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு.

பள்ளிக்கூட விழாவுக்கு மலர் போடுகிறோம், பழைய பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள் என்று போனில் சொன்னீர்கள். நீங்கள் எழுதி அனுப்பியதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். பத்துப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பத்துப் பேரும் டீச்சரைப் பற்றித்தான். ஈரப் பஞ்சில் மொச்சை முளைக்கப் போட்டது. பூதக்கண்ணாடியில் எறும்பின் மீசையைக் காட்டியது. வாய்க்கால் கரை மருத மரத்தடியில் கண்ணை மூடி உட்காரவைத்துப் பறவைச் சத்தம் கேட்கச் சொன்னது. எல்லாம் உண்மை. நானும் அங்கேதான் இருந்தேன்.

நத்தையை மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. படித்தது உங்களோடு அந்த ஐந்தாம் வகுப்பு வரைதான். பிழை இருந்தால் இருக்கட்டும். என் தாளில் யாரும் சிவப்பு மை போட வேண்டாம்.

நான் எழுதப்போவது தெரிந்து நம் கிளாஸ் லீடர் கூப்பிட்டார். மலர் வேலை அவர் கையில்தான். ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டார். லீடர் வேலையில் இருந்து இன்னும் பெறவில்லை.

“ஏ புள்ள, டீச்சரு மேடைல உக்காந்திருப்பாங்க. எழுவது தாண்டிருச்சு அவங்களுக்கு. நல்லதா நாலு வார்த்தை எழுதேன்.”

“நல்லதும் எழுதுறேன். நத்தையையும் எழுதுறேன்.”

“இன்னுமா அதையவே பிடிச்சுக்கிட்டு இருக்க?”

“நீயும் பாத்தேல்ல லீடரு?”

“சின்ன வயசுல என்னத்தப் பாத்தோமோ.”

“நீ பாத்த. வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்த.”

போனை வைத்துவிட்டார்.

நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன். டீச்சர் கோச்சடை தாண்டி நம் ஊருக்கு டவுன் பஸ்ஸில் வருவார். இறங்கும்போதே பவுடர் வாசம் வரும். அவர் வரும்வரை நமக்குப் பாடம் என்றால் கத்திப் படிப்பது. அவர்தான் வெளியே கூட்டிப்போனார். பையன்கள் ஓணான் மேல் கல் எறிந்தால் அவர் கண் கலங்கிவிடும். வகுப்புக்குப் பின்னால் உடைந்த உரல் ஒன்று கிடந்ததே, அதில் தண்ணீர் ஊற்றித் தலைப்பிரட்டை வளர்த்தார். அது வால் போய்த் தவளையாகி ஒரு நாள் அவர் சேலையில் குதித்தபோது நாற்காலி மேல் ஏறி நின்றார். நாம் சிரித்தோம். அவரும் சிரித்தார். பூதக்கண்ணாடிக்குக் கைப்பிடி உடைந்து சிவப்பு நூல் சுற்றியிருக்கும். அதை என்னிடம்தான் துடைக்கக் கொடுப்பார். என் மேல் அவருக்குப் பிரியம். அதையும் மறைக்கவில்லை.

அந்தப் பிரியத்தால்தான் விடுதிப் பேச்சு வந்தது. மதுரையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு, தங்கும் விடுதி, சாப்பாடு. நம் பள்ளிக்கூடத்தில் இருந்து வருஷத்துக்கு ஒரு பிள்ளையை எடுப்பார்கள். டீச்சரும் ஹெட்மாஸ்டரான பெரிய சாரும் கையெழுத்துப் போட்டால் போதும். “உன்னத்தான் எழுதியிருக்கேன்” என்று டீச்சர் என்னிடம் சொன்னார். அம்மாவிடம் சொன்னேன். தை மாதம் திருப்பரங்குன்றம் தெப்பத்துக்குப் போனபோது அம்மா ஒரு தகரப் பெட்டி வாங்கினாள். மூடியில் மயில் வரைந்தது. மயிலுக்கு ஒரு கண்தான். கடைக்காரன் மறு கண்ணை மறந்துவிட்டான். “ஒத்தக் கண்ணு போதும், நீ ரெண்டு கண்ணால படி” என்றாள் அம்மா.

மாசிக் கடைசியில் பள்ளிக்கூடத்தைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வருவதாகச் சேதி வந்தது.

வகுப்பில் இரண்டு மேசை போட்டார் டீச்சர். ஒன்றில் ‘உயிருள்ளவை’ என்று அட்டை. இன்னொன்றில் ‘உயிரற்றவை’. ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவர வேண்டும். அதற்குப் பாட்டு மாதிரி ஒன்று சொல்லிக்கொடுத்தார். உங்களுக்கு மறந்திருக்காது. உயிருள்ளவை உண்ணும். உயிருள்ளவை மூச்சுவிடும். உயிருள்ளவை நகரும். உயிருள்ளவை வளரும். கூரை ஓடு அதிரக் கத்தினோம்.

கடைசிப் பெஞ்சுக்காரன் எழுந்தான். “டீச்சர், செடி நகராதே?”

“செடி வேற. உக்காரு.”

“டவுன் பஸ்சு நகருது டீச்சர். டீசல் குடிக்குது. புகையும் விடுது.”

“வளருதாடா?”

“கூட்டம் ஏறுனா பிதுங்குது டீச்சர்.”

அவனுக்கு அடி விழவில்லை. டீச்சர் அன்றைக்கு அப்படித்தான் இருந்தார்.

அடுத்த நாள் சாயங்காலம் அம்மாவோடு வயலுக்குப் போனேன். அறுப்பு முடிந்து, வாய்க்காலில் தண்ணீரை அடைத்து, வயல் வெடித்துக் கிடந்தது. அறுத்த நெல்லின் அடித்தாள் காலைக் குத்தும். வெடிப்பின் ஓரமாகக் களைக்கொத்தியை விட்டு ஒரு சாண் பெயர்த்தால் நத்தை இருக்கும். தண்ணீர் வற்றும்போதே அது மண்ணுக்குள் போய்விடும். உள்ளே போய்த் தன் கதவைச் சாத்திக்கொள்ளும். கதவு என்றால் நிஜமாகவே கதவு. கொம்பு மாதிரிக் கடினமாக, பழுப்பாக, ஓட்டின் வாயில் நகக்கண் நுழையாதபடி பொருந்தியிருக்கும். மழை பெய்தோ மடை திறந்தோ ஈரம் இறங்கும்வரை திறக்காது. சோறு இல்லை, தண்ணீர் இல்லை, அசைவு இல்லை. மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். காலி ஓடு லேசாக இருக்கும், அதற்குக் கதவும் இருக்காது. செத்தது நாறும். உயிரோடு இருப்பது கையில் கனக்கும். எங்கள் தெருவில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது தெரியும். கூலி இல்லாத மாதங்களில் எங்களுக்கு அதுதான் கறி.

கூடை பாதி நிறைந்தது. ஒன்றோடு ஒன்று மோதிக் கலகலவென்று சத்தம்.

“பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு வேணும்மா.”

“பள்ளிக்கூடத்துலயும் கொழம்பு வெக்கிறாகளா?”

“இல்லம்மா. மேசைல வெக்கணும்.”

“மேசைல வெச்சு?”

“பாக்கணும்.”

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “ஒண்ணே ஒண்ணு எடுத்துக்க. சின்னதா எடு.”

நான் பெரியதாக எடுத்தேன்.

காலையில் மேசைகள் நிரம்பிக் கிடந்தன. என் பக்கத்தில் உட்காருபவள் கோழிக்குஞ்சு கொண்டுவந்திருந்தாள். அது அட்டை மேலேயே கழித்துவைத்தது. தகர டப்பாவில் துளசி, பாட்டிலில் அயிரை மீன். அந்தப் பக்கம் கல், ஆணி, பூட்டு, லீடர் வீட்டுப் பித்தளைச் செம்பு. நான் நத்தையை உயிருள்ளவை மேசையில் வைத்தேன்.

டீச்சர் அதை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். ஸ்கேலால் தட்டினார். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தார்.

“ஓடும்மா இது. அழகா இருக்கு.” உயிரற்றவை மேசையில் வைத்தார். ‘நத்தை ஓடு’ என்று சீட்டும் எழுதினார்.

நான் எடுத்து மறுபடி இந்த மேசையில் வைத்தேன்.

“ஏம்மா?”

“உசுரு இருக்கு டீச்சர். மூடியிருக்கு.”

“நகருதா?”

“இல்ல டீச்சர்.”

“சாப்பிடுதா? மூச்சு விடுதா?”

“தூங்குது டீச்சர்.”

“பாடத்துல என்ன படிச்சோம்?” அவர் எடுத்து அங்கே வைத்தார். நான் எடுத்து இங்கே வைத்தேன். மூன்றாவது தடவை கையில் ஸ்கேல் அடி விழுந்தது. அவர் என்னை அடித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

“செத்திருந்தா நாறும் டீச்சர்” என்றேன்.

அப்போதுதான் லீடர் சொன்னார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அவளுக்குத் தெரியும் டீச்சர். அவுக வீட்ல அதான் திம்பாக. நத்தை தின்னி!”

வகுப்பு சிரித்தது. யார் சிரித்தது, யார் சிரிக்கவில்லை என்று எனக்கு இப்போதும் தெரியும். எழுதமாட்டேன்.

டீச்சர் என்னைப் பார்த்தார். “சாப்பிடுவீங்களா இதை?”

“ஆமா.”

அவர் முகம் சுருங்கியது. நத்தை உயிரற்றவை மேசையிலேயே இருந்தது.

லீடர் அன்றைக்குச் சொல்லாத ஒன்றை நான் இப்போது சொல்கிறேன். அவர் வீட்டில் இருந்து ஆள் வரும், எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு, உச்சி வெயிலில், தெருவில் யாரும் இல்லாத நேரம் பார்த்து. “பெரியவருக்கு மூலம். நாலு நத்தை வேணுமாம். மருந்துக்கு.” அம்மா கழுவிக் கொடுப்பாள். மருந்துக்குத் தின்றால் அது தீனி இல்லையாம். லீடரு, இந்த இடத்தை வெட்டிவிட்டு அச்சுக்குக் கொடுக்காதே. என்னிடம் நகல் இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் வியாழக்கிழமை வந்தார். ஜீப் வந்து நின்றதுமே பெரிய சார் சட்டைப் பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். டீச்சர் வெள்ளைச் சேலையில் வந்திருந்தார். அதற்கு முந்தின நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “கேட்டா உயிரற்றதுன்னு சொல்லணும். சரியா? உன் நல்லதுக்குத்தான்.” நான் தலையை ஆட்டவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் உயிருள்ளவை மேசையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கோழிக்குஞ்சைப் பார்த்துச் சிரித்தார். இந்தப் பக்கம் வந்து நத்தையைக் கையில் எடுத்தார்.

“இது யார் கொண்டுவந்தது?”

எழுந்து நின்றேன்.

“என்ன இது?”

“நத்தை சார்.”

“உயிருள்ளதா, உயிரற்றதா?”

பெரிய சார் என்னைப் பார்த்தார். டீச்சர் அட்டையைப் பார்த்தார். எனக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. ஒற்றைக்கண் மயில் ஞாபகம் வந்தது. அதெல்லாம் வராமல் இல்லை.

“உயிருள்ளது சார்.”

“அப்ப ஏன் இந்த மேசைல இருக்கு?”

“நான் வைக்கல சார்.”

எங்கோ ஒருவன் களுக் என்றான். இன்ஸ்பெக்டர், “எப்படி நிரூபிப்ப?” என்றார்.

“தண்ணி ஊத்துங்க சார். திறக்கும்.”

பெரிய சார் சிரித்து மழுப்பப் பார்த்தார். இன்ஸ்பெக்டர், “ஊத்துங்களேன், பாப்போம்” என்றார். நீலக்கரை போட்ட ஒரு இனாமல் தட்டில் நத்தையை வைத்து டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார். எல்லாரும் பார்த்தோம். அது அசையவில்லை. இன்ஸ்பெக்டருக்கு சோடா வந்தது. குடித்தார். அது அசையவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நல்ல கற்பனை” என்று என் தலையில் தட்டினார். ஜீப் போய்விட்டது.

மாதக்கணக்கில் சாத்திக் கிடந்த கதவு ஒரு சோடா குடிக்கும் நேரத்தில் திறக்குமா?

சாயங்காலம் கடைசி மணிக்கு முன்னால் திறந்தது. பக்கத்தில் இருந்தவள்தான் என் தொடையைக் கிள்ளினாள். முதலில் கதவு ஒரு பக்கம் விலகியது. சாம்பல் நிறத்தில் சதை வந்தது. பிறகு கொம்பு. கொம்பு நீண்டு காற்றைத் தடவியது. தட்டின் விளிம்பில் ஏறி, ஈரக்கோடு இழுத்துக்கொண்டு, ‘நத்தை ஓடு’ என்று எழுதிய சீட்டின் மேல் போனது. மை கரைந்தது. வகுப்பே எழுந்து நின்றது. லீடர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். டீச்சரும் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். அந்தச் சீட்டுக் கரைவது வரைக்கும் பார்த்தார்.

பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். “எல்லாரும் வீட்டுக்குப் போங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை இரண்டு மேசையும் இல்லை. நத்தையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நீங்களும் பேசவில்லை.

திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். அம்மா வேலைக்குப் போகாமல் வந்தாள். நான் முன்னால் போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். உடைந்த உரலில் தண்ணீர் இருந்தது. தண்ணீரில் என் நத்தை இருந்தது. யாரோ பூசணி இலை கிள்ளிப் போட்டிருந்தார்கள். இலையின் ஓரம் கடித்திருந்தது. உரலில் தண்ணீர் ஊற்றுவது டீச்சர் மட்டும்தான்.

உயிரற்றதுக்கு யார் இலை போடுவார்கள்?

அறைக்குள் பெரிய சார் நாற்காலியில் இருந்தார். டீச்சர் ஜன்னல் ஓரம் நின்றார். விடுதித் தாள் மேசை மேல் இருந்தது. அம்மாவும் நானும் வாசல் பக்கம் நின்றோம்.

“இன்ஸ்பெக்டர் முன்னால டீச்சரை அவமானப்படுத்திருச்சு உன் புள்ள. நான் சொன்னது தப்பு, மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. இந்தா, தாளு இருக்கு. கையெழுத்துப் போட்டுருவோம்.”

“சொல்லித் தொலையேன்டி” என்றாள் அம்மா. குரல் உயரவில்லை.

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். அந்த ஜன்னலில் இருந்து பார்த்தால் உரல் தெரியும்.

“தப்பா சொல்லல” என்றேன்.

அம்மா என் பக்கம் குனிந்தாள். “அது செத்துக் கெடந்துச்சா, உசுரோட இருந்துச்சா?”

“உசுரோட.”

அம்மா நிமிர்ந்தாள். பெரிய சாருக்குக் கும்பிடு போட்டாள். “அப்ப வாரேங்க சார்.” என் கையைப் பிடித்தாள். வெளியே வந்தோம்.

பாதி வழியில், வாய்க்கால் மதகில் நின்று, “பொட்டி வாங்கியாச்சேடி” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகும்வரை அம்மா அதைச் சொல்லிக்காட்டவில்லை.

அந்த இடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குப் போனது. அவள் நர்ஸ் ஆனாள். நல்ல நர்ஸ். என் பிரசவத்துக்கு அவள்தான் இருந்தாள். அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. முழுப் பரீட்சை எழுதிவிட்டு நான் செங்கல் சூளைக்குப் போனேன். மயில் பெட்டியும் வந்தது. மாற்றுச் சேலையும் வெற்றிலையும் அதில்தான் வைப்பேன். பிறகு ஒரு மழையில் அடி துருப்பிடித்து விழுந்துவிட்டது. சூளைக்குக் கண்மாய் மண் வெட்டும்போது சாத்திய நத்தை வரும். மற்றவர்கள் அதையும் சேர்த்துக் குழைத்துவிடுவார்கள். நான் பொறுக்கி ஓரமாகப் போடுவேன். பசித்தால் குழம்பும் வைப்பேன். செங்கல்லுக்குள் போட்டு உயிரோடு சுடமாட்டேன்.

டீச்சருக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். வேலை நிரந்தரம் ஆகவில்லை. இன்ஸ்பெக்டர் எழுதும் ஒரு வரியில்தான் அவர் சோறு இருந்தது. நத்தையை மேசை மாற்றி வைத்ததாக அவர் ஒப்புக்கொண்டால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. இதெல்லாம் எனக்குக் கூலி வாங்கும் வயதில்தான் விளங்கியது. மேஸ்திரிக்குப் பயந்து நானும் வாயை மூடிய நாட்கள் உண்டு. அதனால் அவர் பயந்ததில் எனக்குக் கோபம் இல்லை. பயம் போன பிறகும் வருஷக்கணக்கில் அவர் அதே பள்ளிக்கூடத்தில் இருந்தார். வேலை நிரந்தரம் ஆனது. நல்லாசிரியர் பட்டமும் வாங்கினார். அந்த உரலைத் தாண்டித்தான் தினமும் போனார். ஒரு நாள், ஏதாவது ஒரு வகுப்பில், அது உயிருள்ளது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு விடுதி வேண்டாம். அந்த ஒரு வார்த்தை வேண்டும்.

இதைக் கேட்டால் வயசான காலத்தில் எதற்கு என்கிறீர்கள். அவருக்கும் வயசாகிவிட்டது, எனக்கும் வயசாகிவிட்டது. நத்தைக்கு உயிர் இல்லாமல் போகவில்லை.

விழாவுக்கு வருகிறேன். மாலை போடக் கூப்பிட்டால் போடுவேன். எறும்பின் மீசையைக் காட்டியவர் அவர். அதற்கு மாலை போடலாம். கால் தொட்டும் கும்பிடுவேன்.

நாங்கள் நத்தை தோண்டிய வயல் இப்போது பிளாட். கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். போன வாரம் சூளைக்கு மண் எடுக்கும் பள்ளத்தில் தேடினேன். இரண்டு முழம் தோண்டவேண்டி இருந்தது. ஒன்று கிடைத்தது. பெரியது. கதவு சாத்தியிருக்கிறது. கையில் கனக்கிறது. துணியில் சுற்றி அரிசிச் சட்டியில் வைத்திருக்கிறேன்.

லீடரு, விழா சாயங்காலம் என்றாய். நான் மதியமே வந்துவிடுவேன். மேடையில் டீச்சர் நாற்காலிக்கு முன்னால் ஒரு மேசை போடு. அட்டை எதுவும் எழுதாதே. ஒரு தட்டும், உங்கள் வீட்டுப் பித்தளைச் செம்பு இன்னும் இருந்தால் அதில் தண்ணீரும் வை. டீச்சரே ஊற்றட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார்ந்திருப்போம். பேச வருகிறவர்களிடம் சொல்லி வை, இந்தத் தடவை யாரும் கடிகாரம் பார்க்கக் கூடாது.

அது திறந்ததும் எந்த மேசை என்று அவர் சொல்லட்டும். மைக்கில் சொல்லட்டும்.